ஊவா மலைகளின் நன்னீரும் அபிவிருத்தித் தாக்க மதிப்பீடும்

பதுளை நகரினின்று தென்கிழக்கே நோக்குவார்க்கு வானைத் தொட்டு நிற்பதுபோலத் தோன்றும் மலைத்தொடர் நமுனுகுல என்பதாகும். ஒன்பது சிகரங்களையுடையது என்பது அச்சிங்களப் பெயரின் பொருள். கடல் மட்டத்தினின்று 2,036 மீற்றர் உயர்ந்த இம்மலை, வடகீழ்ப் பருவக்காற்றுக் கொணரும் மழையை மறித்துத் தன் உடலில் ஏற்று, ஆண்டு முழுவதும் சிறிது சிறிதாக வெளிவிடுகின்றது. அதன் சரிவுகளில் இறங்கும் ஓடைகளுட் பல பதுளு ஓயாவைச் சேர்ந்து, துன்ஹிந்தவில் ஏறக்குறைய 64 மீற்றர் உயரத்தினின்று வீழ்ந்து, பின்னர் மகாவலியோடு கலந்து திருக்கோணமலைக் கடலையடைகின்றன. மற்றொரு பக்கத்து நீர் மாணிக்க கங்கையாகித் தெற்கே சென்று கதிர்காமத்தைக் கடக்கின்றது. ஆடி விழாவிலே அக்கங்கையில் தீர்த்தமாடும் தோட்டத் தொழிலாளி, தன் லயத்துப் பீலியில் நாள்தோறும் ஏந்தும் நீரின் உறவினையே அங்குக் காண்கின்றான் எனலாம்.

இத்தகைய மலைநீரைக் கொண்டு மின்சாரம் எடுத்தலும், வறண்ட நிலத்திற்குப் பாய்ச்சுதலும், நகரங்களுக்கு வழங்குதலும் நாட்டின் வளர்ச்சிக்கு இன்றியமையாதனவே. ஆயினும் ஓர் ஆற்றிலே கைவைக்குமுன் அதனால் விளையக்கூடிய நன்மை தீமைகளை அளந்தறிதல் வேண்டும் என்னுங் கருத்து இந்நாட்டிற் சட்டமாகிப் பல ஆண்டுகள் சென்றுவிட்டன. அவ்வளவை எத்தகையது, அது எவ்விடத்தில் இடறிற்று என்பவற்றை ஊவா மாகாணத்திலேயே நிகழ்ந்த ஒரு பெருந்திட்டத்தை முன்வைத்து ஆராய்தல் பயனுடைத்து.

முதலாவதாக, ஓடையென்பது ஓடுகின்ற நீர் மட்டுமன்று என்பதை உணர்தல் வேண்டும். மலைச்சரிவிலுள்ள சிற்றோடை ஒன்றிற் கிடக்குங் கல்லைப் புரட்டிப் பார்த்தால், ஒருநாட்பூச்சி எனப்படும் சிற்றுயிரின் இளம்பருவம் அதன் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும். மணற்றுகள்களைத் தன் வாய்நூலாற் கோத்துக் கூடு கட்டி வாழும் புழுவும் அங்கு உண்டு. இவை குளிர்ந்ததும் ஒட்சிசன் நிறைந்ததுமான நீரிலேயே செழிப்பன. கரையிலுள்ள மரங்களின் இலை வீழ்ந்து அழுகுவதை இவை தின்ன, இவற்றைச் சிறுமீன்கள் தின்ன, அம்மீன்களை மீன்கொத்தி கவர்ந்து செல்லும். பாறையில் வாயாற் பற்றிக்கொண்டு பாசியை மேயும் சிறுமீன் ஒன்று ஈழத்து ஓடைகளையன்றி உலகில் வேறெங்கும் இல்லை. மகாவலியின் மேல்நீர்ப் பகுதிக்கே உரிய பச்சைக் கெண்டையினம் ஒன்று, பாறைகளினூடே விரைந்தோடும் நீரைத் தன் வீடாகக் கொண்டது. அணைக்கட்டின் பின்னே அசைவற்றுக் கிடக்கும் நீர் அதற்கு வீடாகாது. விலாங்கோவெனில் கடலிற் பிறந்து, ஆற்று வழியே மேலேறி வளர்ந்து, முட்டையிடும் பொருட்டு மீண்டுங் கடலுக்குச் செல்வது. இடையில் ஓர் அணை எழுந்தால் அதன் வாழ்வுப் பயணம் தடைப்படும். இவ்வுயிர்களும், இவை சார்ந்துநிற்கும் நீர், கல், மணல், வெயில், நிழல் ஆகியனவும் ஒன்றையொன்று பற்றிநிற்கும் கூட்டத்தையே நன்னீர்ச் சூழற்றொகுதி என அறிஞர் வழங்குவர்.

அணை கட்டும்போது இக்கூட்டத்தின் ஒழுங்கு பலவாறு மாறுகின்றது. மழைக்காலத்துப் பெருக்கும் கோடைகாலத்து ஒடுக்கமும் ஆற்றின் நாடித்துடிப்புப் போன்றவை. மீன்களுட் பல அப்பெருக்கை அறிகுறியாகக் கொண்டே முட்டையிடுகின்றன. மின்னிலையமோ மக்கள் விளக்கேற்றும் நேரத்தை நோக்கி நீரை விடுகின்றது. அணைக்கும் மின்னிலையத்திற்கும் இடையிலுள்ள ஆற்றுப்படுகை, நீரைச் சுரங்கங் கொண்டுபோனமையால், வெறும் பாறையாய்க் காய்கின்றது. மேலிருந்து வரும் வண்டலும் மணலும் நீர்த்தேக்கத்தின் அடியிற் படிந்துவிடுவதால், கீழுள்ள ஆறு தன் கரைகளையே அரிக்கத் தொடங்குகின்றது. உமா ஓயாவின் அடையல் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. வெலிமடைப் பகுதியின் உருளைக்கிழங்குத் தோட்டங்களிலும் மரக்கறிப் பாத்திகளிலுமிருந்து மழை கழுவிவரும் மண்ணை அது சுமந்துவந்து, 1990ஆம் ஆண்டளவில் நிறைவெய்திய ரன்தம்பை நீர்த்தேக்கத்திற் சொரிந்து வருகின்றது. அணையைக் கட்டியோர் நீரைக் கணக்கிட்ட அளவுக்கு, அந்நீரோடு வரும் மண்ணுக்குக் காரணமான மேல்நிலத்து உழவைத் திருத்த முற்படவில்லை.

மலையகத்தில் இவ்வகை மாற்றம் அணைகளோடு தொடங்கியதுமன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கோப்பிக்காகவும், 1869இல் தோன்றிய இலைநோயினாற் கோப்பி அழிந்தபின் தேயிலைக்காகவும், மலைக்காடுகள் அடியோடு வெட்டப்பட்டன. மேகத்தினின்று நீரைக் கறந்து நிலத்துக்குள் இறக்கிய மரங்கள் போனபின், மழைநீர் மண்ணோடு ஓடிற்று. 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளையேனும் வெட்டாது காத்தல் வேண்டுமெனத் தாவரவியலறிஞர் ஹூக்கர் 1873இல் அரசாங்கத்துக்கு வற்புறுத்திக் கூறினார். பின்விளைவை முன்னறிந்து செயலைத் தடுக்க முயன்ற அவ்வறிவுரையை, இந்நாட்டுத் தாக்க மதிப்பீட்டின் தொடக்கமெனக் கொள்ளினும் பிழையாகாது. ஆயினும் அது காடு வெட்டியவர்களின் கூட்டத்துக்குக் கூறப்பட்டதேயன்றி, காடு வெட்டக் கொணரப்பட்ட தென்னிந்தியத் தொழிலாளரிடம் எவரும் எதனையும் கேட்கவில்லை.

இன்றைய முறை வேறு. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1970ஆம் ஆண்டின் முதல் நாளில் நடைமுறைக்கு வந்த சட்டமொன்று, அரசாங்கம் பெருஞ்செயல் ஒன்றைத் தொடங்குமுன் அதன் சூழல் விளைவுகளை எழுதிவைத்தல் வேண்டுமென விதித்தது. பல நாடுகள் அதனைப் பின்பற்றின. இலங்கையில் 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடற் சட்டத்தினால் மத்திய சுற்றாடல் அதிகாரசபை அமைந்தது. 1988இல் அச்சட்டம் திருத்தப்பட்டபோது தாக்க மதிப்பீடு கட்டாயமாயிற்று. எத்திட்டங்களுக்கு அது வேண்டுமென்பதை 1993ஆம் ஆண்டு யூன் மாத வர்த்தமானி வரையறுத்தது. 50 மெகாவாட்டுக்கு மேற்பட்ட நீர்மின்னிலையங்கள் அவ்வரையறையுள் அடங்குவன. அறிக்கை எழுதப்பட்டபின் 30 நாட்களுக்குப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படல் வேண்டும். எவரும் தம் கருத்தை எழுதி அனுப்பலாம். இச்சட்டத்திலே ஆசிரியரும் மாணவரும் ஊன்றிப் படிக்கத்தக்க பகுதி ஒன்றுண்டு. திட்டத்தை விவரித்தால் மட்டும் போதாது. அதனினுங் குறைந்த தீமையுடைய மாற்றுவழிகள் யாவை, அவை ஏன் தள்ளப்பட்டன என்பதையும் அறிக்கை கூறல் வேண்டும் என்பதே அது. மாற்றுவழியை ஆராய்தல் என்பது தீர்மானஞ் செய்யுமுன்னரே இயலும். தீர்மானித்தபின் ஆராயப்படும் மாற்றுவழி வெறும் சடங்கேயாம்.

இவ்விடத்தில் உமா ஓயாப் பல்நோக்குத் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். அதன் நோக்கம் குறைகூறத்தக்கதன்று. மகாவலியின் கிளையாகிய உமா ஓயாவின் நீரில் ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 145 மில்லியன் கனமீற்றரை மலையைக் குடைந்து தெற்கே கொண்டுசென்று, கிரிந்தி ஓயாவின் வடிநிலத்தில் விடுதலும், வழியிலே 120 மெகாவாட் மின்சாரம் எடுத்தலும் அத்திட்டத்தின் குறிக்கோள். வெல்லவாயவிலும் மொணராகலை, அம்பாந்தோட்டைப் புறங்களிலும் மழையை எதிர்நோக்கி வானம் பார்த்திருக்கும் உழவருக்கு அந்நீர் வாழ்வு தருவது. வெலிமடைக்கு அண்மையில் புகுல்பொலவில் உமா ஓயாவுக்குக் குறுக்கே ஓர் அணையும், பண்டாரவளைப் பக்கத்தில் டயரபாவில் மகாதொட்டில ஓயாவுக்குக் குறுக்கே மற்றோர் அணையும் எழுந்தன. இரண்டையும் ஒரு சுரங்கம் இணைக்க, டயரபாவிலிருந்து சுமார் 15 கிலோமீற்றர் நீளமுள்ள மற்றொரு சுரங்கம் பண்டாரவளை மலைகளின் அடியாகச் சென்று, 600 மீற்றருக்கு மேற்பட்ட செங்குத்துக் குழாய் வழியே நீரை நிலத்தடி மின்னிலையத்தில் வீழ்த்துகின்றது. பொறியியல் நோக்கில் வியக்கத்தக்க வேலையே.

ஈரான் நாட்டுக் கடனுதவியோடும் அந்நாட்டு நிறுவனமொன்றின் ஒப்பந்தத்தோடும் 2008ஆம் ஆண்டு ஏப்பிரலில் இருநாட்டு சனாதிபதிகளும் கூடி இத்திட்டத்தைத் தொடக்கிவைத்தனர். மதிப்பீட்டு அறிக்கை பின்னரே முற்றுப்பெற்றது. சுற்றாடல் அங்கீகாரம் கிடைத்தது 2011இல். இவ்விரண்டு ஆண்டுகளின் வரிசையை நோக்குவார்க்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை. திருமணத்திற்கு நாட்குறித்துப் பந்தலுமிட்டபின் பொருத்தம் பார்க்கச் சோதிடரை அழைப்பது போன்றது அது. அந்நிலையில் அறிக்கை எழுதுவோர் எத்துணை நேர்மையுடையோராயினும், 'வேண்டாம்' என்று கூறும் வாய்ப்பு அவர்க்கு எஞ்சியிருப்பதில்லை. தீமையைக் குறைக்கும் வழி கூறுதலே அவர்தம் பணியாகச் சுருங்கிவிடும்.

பின் நிகழ்ந்தது யாவரும் அறிந்ததே. துளையிடு பொறி மலையின் உட்பகுதியைக் குடைந்து செல்கையில், 2014ஆம் ஆண்டு திசம்பரில் பாறை வெடிப்புகளினூடே சுரங்கத்துள் நீர் பீறிட்டது. ஊவா மலைகளின் பாறை பார்வைக்கு இறுகியதாய்த் தோன்றினும், பல கோடி ஆண்டுகளாக நெரிந்தும் மடிந்தும் வந்தமையால் எண்ணற்ற பிளவுகளையுடையது. அப்பிளவுகளிலே தேங்கிநிற்பதுதான் மேலேயுள்ள கிணறுகளுக்கும் ஊற்றுகளுக்கும் நீர் தருவது. நிரம்பிய பானையின் அடியில் ஊசித்துளை விழுந்தாற்போல, மலை தன் நீரைக் கீழே இழக்கலாயிற்று. பண்டாரவளையைச் சூழ்ந்த ஊர்களிற் கிணறுகள் வற்றின. நீர் தாங்கிநின்ற மண் அமிழ்ந்ததனால் வீட்டுச் சுவர்கள் பிளந்தன. மரக்கறிப் பயிர் செய்தோர் நிலத்தைத் தரிசாக விட்டனர். பரம்பரையாக நீரை விலைக்கு வாங்கியறியாத மலைநாட்டு மக்கள், கொள்கலன் வண்டியின் வருகையை நோக்கி வாளியுடன் நிற்க நேர்ந்தது. கசிவுகளைச் சீமேந்துக் கரைசலால் அடைக்க முயன்றும் 2017இல் மீண்டும் நீர் பெருகிற்று. அவ்வாண்டு யூன் மாதம் பண்டாரவளையிற் கடைகள் அடைக்கப்பட்டு, மக்கள் திரள்திரளாய் வீதிக்கு வந்தனர். வெளிநாட்டு நிபுணர் வரவழைக்கப்பட்டனர், இழப்பீடு அறிவிக்கப்பட்டது. வேலையும் தொடர்ந்து, 2024ஆம் ஆண்டு ஏப்பிரல் 24ஆம் திகதி திட்டம் திறந்துவைக்கப்பட்டது.

இவ்வரலாற்றிலே கவனிக்கத்தக்கது யாதெனில், மதிப்பீடு செய்வோரின் கண் இயல்பாகவே ஆற்றின்மீது செல்கின்றது என்பதாம். ஆறு கண்ணுக்குத் தெரிவது. அதில் எத்துணை நீர் ஓடுகிறதென அளக்கலாம். மீனை வலையிட்டுப் பிடித்து எண்ணலாம். மலையின் உள்ளே ஊறிநிற்கும் நீரோ காணப்படாதது. அதனை அறியவேண்டின், சுரங்கம் செல்லும் வழிநெடுக ஆழ்துளைகளிட்டுப் பாறையைச் சோதித்தலும், மேலுள்ள ஒவ்வொரு கிணற்றின் மட்டத்தையும் பல ஆண்டுகள் குறித்துவைத்தலும் வேண்டும். அவ்வாய்வு போதியதாயிருக்கவில்லையென்பது பின்னர்ப் பலராலும் எடுத்துக்காட்டப்பட்டது. ஆறும் ஊற்றும் வெவ்வேறன்று. மழையில்லாத மாதங்களில் ஓடையில் ஓடுவது முழுவதும் தரைக்கீழ் நீரேயாதலின், மலையின் உட்புறம் வற்றினால் ஒருநாட்பூச்சியும் பாறை மீனும் கூட அதனோடு வற்றும். கிணற்றை இழந்தவன் மனுக்கொடுப்பான், மீன் மனுக்கொடாது.

இங்கே ஊவாவின் காலநிலை பற்றி ஒரு சொல். பெரும்பான்மையான மழை ஐப்பசி தொடங்கித் தை வரையிலும் பெய்கின்றது. ஆனி, ஆடி, ஆவணி மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவில் மழையைச் சொரிந்துவிட்டு, வறண்ட கச்சானாக இப்பக்கம் இறங்கும். அந்நாட்களிற் பீலி நூலாக மெலியும். மார்கழியில் வந்து அளந்து செல்லும் ஆய்வாளர் நிறைந்த ஓடையைக் கண்டு மகிழ்வர். ஆவணியில் வருவோர் வேறோர் ஓடையைக் காண்பர். ஒரு பருவத்து அளவை கொண்டு ஆண்டு முழுவதையும் மதிப்பிடுதல், காலையில் மட்டும் கடையைப் பார்த்து அதன் வரவு செலவைக் கூறுவதை ஒக்கும். அணையினின்று ஆற்றுக்கு விடப்படவேண்டிய நீரின் அளவைத் தீர்மானிக்கும்போது இது பெரிதும் முதன்மையுடையது.

இனி, எவருடைய நீர் கணக்கில் எடுக்கப்படுகின்றது என்னும் வினா உண்டு. கிணறு உறுதியுடைய காணியில் இருப்பது. அதற்கு உடையவன் உண்டு. வற்றினால் அவன் பெயர் இழப்பீட்டுப் பட்டியலில் ஏறும். தோட்டத்துப் பீலிக்கு உடையவன் யார்? மேலே தேயிலை மலைக்கும் காட்டுக்கும் இடையிலுள்ள ஊற்றினின்று குழாய் வழியாகவோ மூங்கில் வழியாகவோ அது வருகின்றது. நிலம் அரசாங்கத்தினது, குத்தகை கம்பெனியினது, லயம் தோட்டத்தினது. அதனை நம்பி வாழும் நூறு குடும்பங்களின் கையில் ஒரு துண்டு உறுதியும் இல்லை. உடைமையை அடிப்படையாகக் கொண்டு பாதிப்பை எண்ணும் எந்த முறையும் இம்மக்களை எளிதிற் கடந்து சென்றுவிடும். எனவே மலையகத்தில் நிகழும் மதிப்பீடு கிணறுகளை எண்ணுவதோடு நில்லாது, பீலிகளையும், அவற்றின் தாயூற்றுகளையும், ஒவ்வொன்றையும் சார்ந்த குடும்பங்களையும் எண்ணுதல் வேண்டும். அறிக்கை பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும் 30 நாட்களும் பிரதேச செயலகம் திறந்திருக்கும் நேரம், கொழுந்து பறிக்கும் பெண்ணின் வேலை நேரமாகவே இருப்பதையும் சட்டம் எழுதியோர் எண்ணிப்பார்க்கவில்லை போலும்.

சிறு நீர்மின்னிலையங்களைப் பற்றியும் சுருங்கக் கூறலாம். மலையகத்து ஓடைகளிற் பல இன்று தனியார் கட்டிய சிறு தடுப்பணைகளைத் தாங்குகின்றன. அவை பெருந்திட்டங்களுக்குரிய 50 மெகாவாட் எல்லையினுங் கீழ்ப்பட்டவையாதலின், பெரும்பாலும் சுருங்கிய ஆரம்ப ஆய்வோடு அனுமதி பெறுகின்றன. ஒவ்வொன்றும் தனித்தனியே சிறிதாயினும் ஒரே ஓயாவில் நான்கைந்து அமையுமாயின், அவற்றின் கூட்டுவிளைவு பேரணை ஒன்றினதை ஒக்கும். ஒவ்வொரு மரமாகப் பார்த்து அனுமதித்துக் காட்டை இழந்த பழைய கதை இங்கே ஓடைகளில் மீள்கின்றது.

மதிப்பீட்டினாற் பயன் விளைந்த இடங்களும் உண்டு. தலவாக்கலையில் 150 மெகாவாட் மேல் கொத்மலைத் திட்டம் நீண்ட வாதத்தின் பின் நிறைவேறி 2012இல் இயங்கலாயிற்று. அவ்வாதத்தின் பயனாக, செயின்ட் கிளேயர் நீர்வீழ்ச்சிக்குப் பகற்பொழுதில் குறித்த அளவு நீர் விடப்படல் வேண்டுமென்னும் நிபந்தனை ஏற்பட்டது. வீழ்ச்சியின் அழகைக் காண வருவோருக்கு அது ஆறுதல்; இரவிலும் நீர் வேண்டிய உயிர்களுக்கு எவ்வளவு ஆறுதலென்பது ஆராயத்தக்கது. கேரளத்திலோ குந்திப்புழை ஆற்றில் அமையவிருந்த நீர்மின் திட்டத்தை அறிவியலாளரும் ஆசிரியரும் கவிஞரும் எதிர்த்து வாதிட்டனர். அது கைவிடப்பட்டு, அமைதிப் பள்ளத்தாக்கு 1984இல் தேசிய வனமாக அறிவிக்கப்பட்டது. அங்கே ஆய்வும் வாதமும் அணை எழுவதற்கு இடங்கொடாது முந்திக்கொண்டன.

ஆய்வுக்கு முன்னைய நிலை பற்றிய குறிப்பு இன்றியமையாதது. 'கிணறு முன்பே வற்றியிருந்தது' என ஒருவரும், 'சுரங்கத்தால் வற்றியது' என மற்றவரும் வழக்காடும்போது, முன் எழுதிவைத்த அளவொன்றே உண்மை கூறும். மலையகத் தோட்டங்களின் காரியாலயங்களில் மழைமானி வைத்து நாள்தோறும் மழையளவு எழுதும் வழக்கம் ஆங்கிலேயர் காலந்தொட்டு இருந்துவருவது. விழுந்த மழையை இவ்வளவு கவனமாக எழுதிய தோட்டங்கள், அம்மழை ஊற்றாய் வெளிவந்ததை எழுதவில்லை; தேயிலைக்கு வேண்டியது மழையேயன்றிப் பீலியன்று என்பதனாற் போலும். இக்குறையைப் போக்குதற்குப் பெருங்கருவிகள் வேண்டியதில்லை. 10 லீற்றர் வாளி ஒன்று பீலியின்கீழ் நிரம்ப 20 வினாடி செல்லுமாயின், அப்பீலி நிமிடத்துக்கு 30 லீற்றரும், நாளொன்றுக்கு 43,200 லீற்றரும் தருகின்றது. ஆவணியில் அதே வாளிக்கு 80 வினாடி செல்லுமாயின் நாளைக்கு 10,800 லீற்றரே. ஓடையாயின், அகலத்தையும் ஆழத்தையும் கோலால் அளந்து, ஒரு தோடம்பழத்தை மிதக்கவிட்டுப் பத்து மீற்றர் கடக்கும் நேரத்தைக் குறித்தால் ஓட்டத்தின் அளவு ஏறத்தாழக் கிடைக்கும். கல்லைப் புரட்டி அடியிலுள்ள பூச்சிகளை வகைப்படுத்தி எண்ணினால், இரசாயனப் பரிசோதனை கூறாத பலவற்றை அவை கூறும்; ஒருநாட்பூச்சி மறைந்து செந்நிறப் புழுக்கள் மிகுமாயின் நீர் கெட்டதெனக் கொள்ளலாம். நமுனுகுலச் சரிவிலுள்ள பாடசாலை ஒன்றின் மேல்வகுப்பு மாணவர் இருவர் இவ்வளவையும் ஒரு பிற்பகலில் முடித்துவிடக்கூடும். மாதந்தோறும் ஒரே நாளில், ஒரே பீலியில், அதே வாளியைக் கொண்டு அளத்தலும், திகதியிட்டுப் பாடசாலைக் கொப்பியில் எழுதிவைத்தலுமே அதில் தவறாது பேணவேண்டியவை.